காடிக்குப் பலம் ஏற்றுமுன் கணக்குப் பார்ப்போம்

தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் பிள்ளைகள் பலருக்கு இன்று சோறு போடுவது ஒரு டீசல் பிக்அப் காடிதான். சிறுதோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஏற்றிப் பழம் வாங்கும் இடத்தில் சேர்ப்பதும், உரமூட்டை கொண்டுவருவதும் அதுதான். ஒன்பது ஆண்டுத் தவணையில் எடுத்த காடி. வீட்டுக்கு அடுத்தபடியாக நம்மவர் வாங்கும் பெரிய சொத்து. அந்தக் காடியைப் பட்டறைக்கு ஓட்டிப்போய், “பூஸ்ட் ஏத்துங்க, சிப்பு போடுங்க” என்று கேட்கும் பழக்கம் நம் இளைஞர்களிடையே பரவி வருகிறது.

“அண்ணே, மேட்டுல சும்மா பறக்குது!” என்கிறார் ஒரு தம்பி. பறக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டாமா?

டர்போ என்பது புதுச் சரக்கல்ல. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் அல்பிரட் புச்சி 1905இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம், பலமும் கூடும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 14.7 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் இன்னும் 15 ஏற்றினால், ஏறத்தாழ இரண்டு மடங்கு காற்று உள்ளே போகிறது என்று பொருள். அமுக்கிய காற்று சூடாகிவிடும். அதை ஆற்றி அனுப்புவதுதான் இன்டர்கூலரின் வேலை.

இதில் சிப்பு எங்கே வருகிறது? இன்றைய காடிகளில் எவ்வளவு டீசல், எவ்வளவு பூஸ்ட் என்பதை ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. மலிவான பெட்டிகள் பல அந்தக் கணினியிடம் பொய் சொல்லும். டீசல் குழாயில் அழுத்தம் குறைவாக இருப்பதாகக் காட்டும். கணினியும் நம்பி அழுத்தத்தைக் கூட்டிவிடும். ரீமேப் என்பது வேறு; கணினிக்குள் இருக்கும் கணக்கையே திருத்தி எழுதுவது. தெரிந்தவர் கையில் அது நல்ல வேலை. தெரியாதவர் கையில் பிள்ளை கையில் கொடுத்த பாராங்கத்தி.

கம்பெனிக்காரன் எப்படிச் செய்கிறான் என்று பாருங்கள். 2020இல் டொயோட்டா தன் 2.8 லிட்டர் ஹைலக்ஸின் பலத்தை 177 குதிரைசக்தியிலிருந்து 204க்கு உயர்த்தியது. வெறும் கணக்கை மாற்றிவிட்டு உயர்த்தவில்லை. டர்போவைப் பெரிதாக்கியது, குளிர்விக்கும் ஏற்பாட்டையும் மாற்றியது. இழுவிசை 500 நியூட்டன் மீட்டருக்குப் போனதும் ஆட்டோ கியர் காடிக்குத்தான். ஆஸ்திரேலியாவில் விற்ற மேனுவல் காடிக்கு 420 என்று நிறுத்திக்கொண்டது. செய்தவனே அளந்து கொடுக்கும்போது, எந்தப் பாகத்தையும் தொடாமல் ஒரு பெட்டியை மாட்டினால் போதும் என்பது நியாயமா?

கூடுதல் டீசல் எரிந்தால் கூடுதல் சூடு. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். கீழிருந்து ஆயில் பீச்சிக் குளிர்விப்பதால்தான் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. பட்டணத்தில் ஐந்து நிமிடம் விரட்டினால் தாங்கும். முழுச் சுமையோடு செம்மண் மேட்டில் அரை மணி நேரம் ஏறினால்? பிஸ்டன், டர்போ, கிளட்ச் என்று ஒவ்வொன்றாகப் பாடம் சொல்லத் தொடங்கும். அந்தப் பாடத்துக்குக் கட்டணம் ஆயிரக்கணக்கான வெள்ளி. காடி பட்டறையில் கிடந்தாலும் மாதத் தவணை நிற்காது.

கரும்புகை கக்குவதைச் சிலர் வீரம் என்று நினைக்கிறார்கள். அது வீரமல்ல தம்பி, காற்றுப் பற்றாமல் அரைகுறையாக எரிந்த டீசல். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. காசைப் புகையாக்கி விடுவதற்கா வெயிலில் குலை தூக்கினோம்? போதாததற்கு, 1996ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிகளின்படி டீசல் காடியின் புகைக்கு வரம்பு உண்டு. மீறினால் தண்டனையும் உண்டு.

ஆகவே நாம் சொல்லும் வரிசை இது. முதலில் போன பலத்தைத் திரும்பப் பெறுங்கள். செம்மண் தூசியில் ஓடும் காடிக்குக் காற்று பில்டர் சீக்கிரம் அடைத்துப்போகும், அதை மாற்றுங்கள். இன்டர்கூலர் குழாயில் வெடிப்பு இருந்தால் பூஸ்ட் அங்கேயே ஒழுகிவிடும், அதைப் பாருங்கள். டீசல் பில்டர், இன்ஜெக்டர், ஆயில் மூன்றையும் காலத்தோடு கவனியுங்கள். “காடி இழுக்கல” என்று வருபவர்களில் பலருக்கு இதுவே போதும். சுமையோடு மேடு ஏறி வந்ததும் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடட்டும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவுக்கு ஆயில்தான் உயிர்.

அதற்குப் பிறகும் பலம் வேண்டுமென்றால், புகைச் சூடும் பூஸ்டும் காட்டும் மானிகளை முதலில் பொருத்துங்கள். அடுத்து நல்ல இன்டர்கூலர். கடைசியில்தான் ரீமேப், அதுவும் சுமை இழுக்கும் காடிக்கு அளவாக. வாரண்டி என்னவாகும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா, ஜே.பி.ஜே. அனுமதி தேவையா என்று கேட்டு, பதிலைக் கையெழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் விபத்து நாளில் உதவாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. இயந்திரப் பலம் கூடினாலும் பிரேக், சட்டம், ஸ்பிரிங், டயர் எதுவும் கூடவில்லை. காடி சுமக்கக்கூடிய எடை பதிவில் உள்ளதுதான். “இப்ப நல்லா இழுக்குது, இன்னும் இருபது குலை போடு” என்று முதலாளி சொன்னாலும், பின்னால் நாலு பேரை ஏற்றிக்கொள்ளச் சொன்னாலும், மறுத்துப் பேசுங்கள். 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து நடப்பில் உள்ள திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம், உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. மேட்டில் ஏறுவதற்குத்தான் டர்போ உதவும். இறக்கத்தில் நிறுத்துவது பிரேக் மட்டுமே.