பசித்த ஜவ்வுக்கு ஊசி மட்டும் போதாது

வலி முற்றிய பிறகே வருகிறார்கள்

திருவண்ணாமலை வட்டாரத்தில் மல்லாட்டை பிடுங்குபவர், ஆரணியில் தறிக்குழியில் கால் இறக்கி அமரும் நெசவாளர், திருவண்ணாமலை கோயிலின் மாட வீதியில் நாளெல்லாம் குந்திப் பூக் கட்டுபவர் என யாருக்கு இடுப்பு வலித்தாலும் முதலில் போவது மருந்துக் கடைக்குத்தான். 'செட் மாத்திரை'யில் மாதங்கள் ஓடுகின்றன. கால் மரத்துப்போன பிறகே மருத்துவமனை நினைவுக்கு வருகிறது. "தேய்ஞ்ச ஜவ்வை வளர வைக்க ஊசி இருக்காமே?" என்ற கேள்வியும் இப்போது கூடவே வருகிறது. ஆராய்ச்சி நடப்பது உண்மை. ஆனால் அது சொல்லும் பாடம் வேறு.

ஜவ்வு ஏன் வளர மறுக்கிறது?

முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டைத்தான் (டிஸ்க்) ஜவ்வு என்கிறோம். வளர்ந்தவரின் ஜவ்வுக்குள் நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. எலும்பை ஒட்டிய மெல்லிய தகட்டின் வழியே கசிந்து வருவதே அதற்கு உணவு. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் இரத்தக் குழாயில் செலுத்திய சாயத்தை 24 மணி நேரம் தொடர் ஸ்கேன்களில் பின்தொடர்ந்தார்கள். அது ஜவ்வின் நடுப்பகுதியைச் சேர மணிக்கணக்கில் ஆவதையும், தகடு சிதைந்தால் அந்த வரத்து குலைவதையும் காட்டிய 2004 ஆய்வு சர்வதேசப் பரிசு பெற்றது. வரத்து அடைபட்ட இடத்தில் புது செல்களை இறக்கினால் அவை எதைத் தின்று பிழைக்கும்? 404 பேரிடம் நடந்த ஸ்டெம் செல் ஊசிச் சோதனை, 2021இல் வெளியான முடிவின்படி, முதன்மை இலக்கை எட்டவில்லை. சிலருக்கு வலி குறைந்ததால் ஆய்வு தொடர்கிறது. அதற்குள் அதைச் சிகிச்சையாக விற்பது அநியாயம். அங்கீகாரம் இல்லாத ஸ்டெம் செல் சிகிச்சையை முறையான ஆய்வுக்கு வெளியே தரக் கூடாதென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது.

நம்பிக்கைகளும் உண்மையும்

'ஸ்கேனில் தேய்மானம் தெரிந்தால் அதுதான் வலிக்குக் காரணம்' என்பது முதல் தவறு. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015 ஆய்வில் 20 வயதினரில் 37 சதவீதம், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்குத் தேய்மானம் இருந்தது. 'விலகிய ஜவ்வைத் தட்டி உள்ளே தள்ளலாம்' என்பது அடுத்தது. பிதுங்கிய பகுதி பலருக்குத் தானாகவே சுருங்கும். முரட்டு அழுத்தம் நரம்பைத்தான் நசுக்கக்கூடும். 'மாத்திரை போட்டால் வலி நிற்கிறதே' என்பார்கள். வலி மறையும், நோய் மறையாது. சீட்டின்றி நாள்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெயர் தெரியாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். நடக்கச் சொன்னால், 'உழைத்துத் தேய்ந்த முதுகுக்கு அசைவு எப்படி மருந்தாகும்?' என்று கேட்பதும் நியாயமானது. குனிந்து திரும்பிப் பாரம் தூக்குவது வேறு, நிமிர்ந்து நடப்பது வேறு. நடை முதுகுத் தசைகளுக்கு வலுவூட்டும். படுத்தே கிடந்தால் அவை இளைக்கும்.

பரிசோதனை

எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை, மருத்துவர் சொன்னால் எடுங்கள்.

தயவுசெய்து காத்திருக்காதீர்கள்

கால் பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, அடக்க முடியாமல் போனாலோ, மறைவிடம் மரத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள், மாத்திரை தேடாதீர்கள். புகையை விடுங்கள், அது ஜவ்வின் உணவு வரத்தைக் குறைக்கும். தறியிலிருந்தும் பூக்கூடையிலிருந்தும் அரை மணிக்கொரு முறை எழுந்து நில்லுங்கள். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போய்விட்டு மாதம் முழுக்க உட்கார்ந்தே இருக்காதீர்கள். அதே பாதையில் தினமும் அரை மணி நேரம் நடங்கள். நாளை நல்ல ஊசி வரட்டும். அதை ஏற்கும் நிலையில் முதுகு இருக்க வேண்டுமே!