வெள்ளாற்று உப்பும் வகுத்தல் விதியும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிறது. ஓதம் ஏறினால் ஆற்றுநீர் கரிக்கும். ஐப்பசி வெள்ளம் வந்தால் கரிப்பு குறையும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இந்தக் கரையில்தான் இருக்கிறது. கழிமுகத்தில் எந்த உயிர் எங்கே வாழும் என்பதில் இந்த உவர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

உவர்ப்பு ஒரு பின்னம். மேலே, தொகுதியில், உப்பின் எடை. கீழே, பகுதியில், நீரின் எடை. ஓதம் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறது. அப்படியானால் உவர்ப்பு மாறும் வேகம் என்ன? அந்த வேகத்துக்குக் கணிதம் வைத்த பெயர் வகைக்கெழு.

கழிமுகத்தை ஒரு தவலைக்குள் கொண்டுவருவோம். 10 கிலோ நீர், அதில் 200 கிராம் உப்பு, கிலோவுக்கு 20. கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம். நிமிடத்துக்கு 1 கிலோ வீதம் கடல்நீரை ஊற்றுகிறோம். மேலே 35, கீழே 1. ஒன்றை மற்றொன்றால் வகுத்து, உவர்ப்பு நிமிடத்துக்கு 35 ஏறும் என்று சொல்லலாமா? அப்படியென்றால் அடுத்த நிமிடமே தவலை கடலைவிடக் கரிக்கும்!

உண்மை இன்னும் அழகானது. புதிதாக வந்த 1 கிலோ நீர், பழைய உவர்ப்பு குறையாமல் இருக்கவே 20 கிராம் உப்பைக் கேட்கும். கடல் தந்தது 35. மிச்சம் 15. அது 10 கிலோவுக்கும் பரவ வேண்டும். ஆக, அந்தக் கணத்தில் உவர்ப்பு ஏறும் வேகம் நிமிடத்துக்கு 1.5.

பதினோராம் வகுப்பு மாணவர் மனப்பாடம் செய்யும் வகுத்தல் விதி இதுவேதான்: பகுதி × தொகுதியின் வகைக்கெழு, கழித்தல் தொகுதி × பகுதியின் வகைக்கெழு, எல்லாவற்றையும் பகுதியின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். (10×35 − 200×1) ÷ 100 = 1.5. நடுவில் நிற்கும் கழித்தல் குறி, புதுநீர் கேட்கும் பங்கு.

கடல்நீருக்குப் பதில் மழைநீரை ஊற்றினால்? உப்பு ஒரு கிராம்கூட வெளியேறவில்லை; ஆனாலும் (0 − 200) ÷ 100 = −2. உவர்ப்பு இறங்குகிறது.

கணிதவியலாளர் லைப்னிஸ் இந்த விதியை 1684-இல் அச்சிட்டார். 1621-இல் மறைந்த கேரள வானியலாளர் அச்சுதப் பிஷாரடி, கோள்களின் கணநேர வேகத்தைக் காண, தொகுதியும் பகுதியும் மாறும் பின்னத்தை முன்பே சரியாகக் கையாண்டிருந்தார்.

கடைசியாக, தவலையில் 350 கிராம் உப்பு இருக்கட்டும். வரும் கடல்நீர் கேட்பது 35, கொண்டுவருவதும் 35. ஓதம் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது, உவர்ப்போ அசையவில்லை. விடை: பூச்சியம்.