செட்டிநாட்டுச் சிற்றூர்களின் ஊருணியும் புள்ளியும்

காரைக்குடியிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் கானாடுகாத்தான் என்னும் சிற்றூர் உள்ளது. நேரிய தெருக்களையும், ஒரு தெருவில் தலைவாயிலும் அடுத்த தெருவில் பின்வாயிலுமாக நீண்டு கிடக்கும் வீடுகளையும், பர்மாத் தேக்குத் தூண்களையும் காண அயல்நாட்டார் பலர் இங்கு வருகின்றனர். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலிலும் இடம் பெற்றன. ஆயினும், மாளிகைகளை மட்டும் கண்டு திரும்புவோர் இவ்வூர்களைப் பாதியே கண்டவராவர்.

இப்பகுதியில் வற்றாத ஆறு இல்லை. செம்புறாங்கல் நிறைந்த நிலம், மழையே துணை. ஆகவே ஊர் அமைத்தோர் வீடு கட்டும்பொழுதே நீரையும் எண்ணிக் கட்டினர். ஓட்டுக் கூரையில் விழும் மழைநீர் முற்றத்தில் இறங்கி, அங்கிருந்து தெருக் கால்வாய்க்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் செல்லும். ஊருணிக்குக் கரையும் கற்படித்துறையும் உண்டு. நீர் வர வரத்துக்கால், மிகுநீர் போகக் கலிங்கு. குடிப்பதற்கு ஓர் ஊருணி, குளிப்பதற்கு ஒன்று, கால்நடைகளுக்கு வேறொன்று எனப் பல ஊர்களில் பிரித்து வைத்திருந்தனர். குடிநீர் ஊருணியில் கால் நனைப்பதும் குற்றமாகக் கருதப்பட்டது. ஆனால் ஒன்றை மறைத்தல் தகாது: அந்நாளில் அந்நீர் எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை. பழமையைப் போற்றும்பொழுது இக்குறையைச் சேர்த்துப் போற்ற வேண்டுவதில்லை.

ஊர்ப் பொதுக்காரியங்களுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது? நகரத்தார் வழக்கில் மணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு 'புள்ளி'. தந்தையும் மக்களும் ஒரே வளவில் வாழ்ந்தாலும் அடுப்பும் கணக்கும் வேறு வேறு. ஊர்க் கோயிற் செலவைப் புள்ளிக்கு இவ்வளவு என வகுத்து வரியாகத் திரட்டினர். வாணிகத்தில் வந்த ஊதியத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கி அறப்பணிகளை நடத்தினர். பெருஞ்செல்வனாயினும் எளியவனாயினும் கணக்கில் ஒரு புள்ளியே.

இவ்வழக்கு இன்னும் உயிரோடிருப்பதை நாட்டரசன்கோட்டையில் காணலாம். தைப்பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையன்று கண்ணாத்தாள் கோயில் முன் புள்ளிக்கொரு பானையாக வரிசையில் பொங்கலிடுவர். முதற்பானை யாருடையது என்பதைச் சீட்டெடுத்தே முடிவு செய்வர். சென்னையிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்வோர் அன்று ஊர் திரும்புவர். நெடுநாட் பிரிந்த உறவினர் ஒருவரையொருவர் காண்பதும், மணப்பேச்சுத் தொடங்குவதும் அங்கேதான்.

வீடுகளின் கதி வேறு. 1942-ஆம் ஆண்டில் பர்மா சப்பானியர் வசமானதும், பின்னர் அந்நாட்டில் சொத்துகள் நாட்டுடைமையானதும் வருவாயை முறித்தன. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஓடு மாற்றவும் எல்லாரும் இணங்க வேண்டும். இணக்கம் வாராத வீடுகள் பல பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. இதில் பஞ்சாயத்து செய்யக்கூடியது சிறிதே.

ஊருணி அப்படியன்று. அது ஊருக்குச் சொந்தம். அதைக் காக்கும் பொறுப்பும் ஊர் மன்றத்தினுடையது. இங்கிலாந்தின் சிற்றூர்களில் 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட ஊர் மன்றங்கள் பல, சிறு வரியொன்றைக் கொண்டு ஊர்ப் புல்வெளியையும் பொது மண்டபத்தையும் பேணி வருகின்றன. புள்ளிவரி கண்ட நாட்டினருக்கு அது புதுமையாகத் தோன்றாது.

தூர் வாருதல் மட்டும் போதாது. முன்னர் மழைநீர் சென்ற தெருக் கால்வாயில் இன்று சவர்க்கார நீரும் கழிவுநீரும் ஓடுகின்றன. அவற்றைத் தனியே பிரிக்காமல் கால்வாயை ஊருணியோடு இணைத்தால் கேடே விளையும். அடுத்து வரத்துக்கால். கரை நன்றாயிருந்தும் நீர் வாராத ஊருணிகளில் பெரும்பாலும் குறை இங்கேதான். வேலியோ சுவரோ வழியை அடைத்திருக்கும். மார்ச் 22, தண்ணீர் நாளும் இப்பொழுது கிராம சபை கூடும் நாள்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அதற்கு முன்னரே உறுப்பினர்கள் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் கொண்டு வரத்துக்காலை நடந்து பார்த்து, அடைபட்ட இடங்களைக் குறித்து வைத்தால், ஐப்பசி மழைக்குள் வேலையை முடிக்கக் காலம் இருக்கும்.