விலை சரிந்தது, விசிறி நின்றது

ஆகாய விமானம் எண்ணெயைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்பதில் இன்று எவருக்கும் அபிப்பிராய பேதமில்லை. அத்தகைய சிக்கன யந்திரம் ஒன்று சுமார் நாற்பது வருஷங்களுக்கு முன்பே பறந்து காட்டியது என்பதும், அதனை மூலையில் போட்டது விஞ்ஞானமன்று, வியாபாரமே என்பதும் நேயர்களில் பலர் அறியாத விஷயம்.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்கா கலங்கிற்று. அக்கலக்கத்தின் பயனாக நாஸா ஸ்தாபனம் சிக்கன யந்திர ஆராய்ச்சியில் இறங்கியது. தத்துவம் எளிது. கொஞ்சம் காற்றை அதிவேகமாகப் பின்னே தள்ளுவதைவிட, மிகுந்த காற்றை மெதுவாகத் தள்ளினால் அதே உந்துதலுக்குக் குறைந்த எண்ணெய் போதும். அதற்கு விசிறி பெரிதாக வேண்டும். விசிறி பெரிதானால் அதைச் சூழ்ந்த கூடும் பெரிதாகிப் பாரமும் காற்றின் எதிர்ப்பும் லாபத்தை விழுங்கிவிடும். கூட்டையே எடுத்துவிட்டால்? ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் அவ்வாறே செய்தனர். வாள்போல் வளைந்த அலகுகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே சுழலும் அவர்களது திறந்த விசிறி யந்திரம் 1986-இல் போயிங் 727 விமானத்திலும், மறுவருஷம் எம்.டி.80 விமானத்திலும் பறந்தது. அக்கால ஜெட் யந்திரங்களைவிட நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை எண்ணெய் மிச்சமாகுமென்று கணக்கிட்டனர்.

அதே 1986-இல் கச்சா எண்ணெயின் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. விமானக் கம்பெனிகளின் உற்சாகமும் கூடவே சரிந்தது. இரைச்சல், அதிர்வு, அலகு முறிந்தால் தடுக்கக் கூடில்லாத அபாயம் ஆகிய குறைகள் மெய்யே, நாம் மறுக்கவில்லை. அவற்றைத் தீர்க்கப் பணமிடுவார் இல்லாது போனதே பெருங்காரணம் என்போம். வெளியே சுழலும் விசிறியைக் கண்டால் பிரயாணிகள் பழைய காலத்து விமானமென்று எண்ணுவரோ என்ற கவலையும் இருந்ததாம்!

ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பிரான்ஸின் ஸாப்ரானும் கூட்டாக நடத்தும் சி.எப்.எம். கம்பெனி 2021 ஜூனில் திறந்த விசிறியை மீண்டும் கையிலெடுத்திருப்பதாக அறிவித்தது. இம்முறை சுழல்வது ஒரு வரிசையே. மற்றது சுழலாது நின்று காற்றை நேர்ப்படுத்தும். இன்றைய யந்திரங்களைவிட நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மிச்சம் பிடிப்பது நோக்கம். வேறு வழிகள் தூரத்தில் உள்ளன. 2035-க்குள் ஹைட்ரஜன் விமானம் என்று 2020-இல் முழங்கிய ஏர்பஸ், 2025-இல் தவணையைத் தள்ளிப்போட்டது. இன்று வழக்கிலுள்ள பாட்டரியோ, தன் எடையளவு எண்ணெயிலுள்ள சக்தியில் முப்பதில் ஒரு பங்கைக்கூடத் தாங்குவதில்லை.

நமது தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அந்நியரிடம் வாங்குகிறது. 2023-இல் இண்டிகோ கம்பெனி ஒன்றே 500 ஏர்பஸ் விமானங்கள் கேட்டது. அவை இருபது வருஷமேனும் உழைக்கும். அதற்குள் எண்ணெய் மீண்டும் மலிந்தால், சி.எப்.எம். விசிறியும் பொருட்காட்சி சாலைக்குப் போகாதென்று யார் உறுதி கூறுவார்? சர்வதேச சிவில் விமான ஸ்தாபனம் விமானங்களின் கரியமில வாயுவுக்கு 2017-இல் வரம்பு விதித்தது. ஏற்கெனவே உற்பத்தியாகும் மாதிரிகளுக்கு அது 2028 முதல் செல்லும். எண்ணெய் என்ன விலை விற்றாலும் தளராத பிடி அது ஒன்றே. அவ்வரம்பை மேன்மேலும் இறுக்குமாறு இந்தியப் பிரதிநிதிகள் அங்கே வாதாட வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.