மாறிப்போன வேர்டும் நம் வீட்டுப் பெரியவர்களும்

பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் வேலை தேடி வந்த நம்மவர்களில் எத்தனையோ பேர் டைப்ரைட்டிங்கையும் சுருக்கெழுத்தையும் நம்பித்தான் ரயில் ஏறினார்கள். லோயர், ஹையர் பாஸ் செய்த சான்றிதழ்தான் அவர்களுடைய கைமுதல். ரெமிங்டன் மெஷினில் தொடங்கியவர்கள் எண்பதுகளில் வேர்ட்ஸ்டாருக்கு வந்தார்கள். பிறகு விண்டோஸுக்கும் வேர்டுக்கும் மாறி, பணி ஓய்வும் பெற்றார்கள். ஓய்வு பெற்ற பிறகும் தட்டச்சு அவர்களை விடவில்லை. ஹவுசிங் சொசைட்டியின் ஆண்டுக்கூட்ட அறிக்கை, கோயில் உற்சவப் பத்திரிகை, பென்ஷன் ஆபீசுக்கு மனு, நம் சங்கத்துச் சுற்றறிக்கை என்று பல வேலைகள் இன்றும் அவர்கள் கையால்தான் நடக்கின்றன.

இப்படிப்பட்ட ஒருவர் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் நின்றுபோகிறது. பிள்ளை ஆசையாகப் புது லேப்டாப் வாங்கித் தருகிறான். பதினைந்து நாள் கழித்துப் பெரியவர், "சொசைட்டி வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், எனக்குக் கண் சரியில்லை" என்கிறார். கண்ணுக்கு ஒன்றுமில்லை. வேர்டைத் திறந்தால் அவருக்குத் தெரிந்தது எதுவும் இருந்த இடத்தில் இல்லை. முப்பது வருஷம் தட்டச்சு செய்தவருக்கு அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். பல வீடுகளில் நடப்பது இதுதான்.

என்னதான் மாறியது? 2003-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை வேர்டின் தலையில் ஃபைல், எடிட், வியூ, இன்ஸர்ட், ஃபார்மட் என்று ஒரு வரிசை இருந்தது. எதைத் தொட்டாலும் பட்டியல் கீழே விரியும். 2007-இல் அந்த வரிசையையே எடுத்துவிட்டு, 'ரிப்பன்' என்ற அகலமான பட்டையை வைத்தார்கள். காரணம் இல்லாமல் அல்ல. பதிப்புக்குப் பதிப்பு வசதிகள் பெருகிப் பட்டியல்கள் நிரம்பி வழிந்தன. எந்த வசதி எங்கே இருக்கிறதென்று பயன்படுத்துபவர்களுக்கே தெரியவில்லை. அடிக்கடி எடுக்காதவற்றை மறைத்து வைக்கும் மெனுவை 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் செய்து பார்த்தார்கள். அது குழப்பத்தை இன்னும் கூட்டியது. புதிதாகக் கற்பவருக்கு ரிப்பன் நல்லதுதான் என்பது என் அபிப்பிராயம். பழையதை மனப்பாடமாக வைத்திருந்தவருக்கோ, வெளியூர் போய்த் திரும்பி வந்தபோது சமையலறையில் சாமான்களையெல்லாம் யாரோ இடம் மாற்றி வைத்திருந்தது போல ஆயிற்று.

ஃபைல் பட்டியலில் இருந்த பேஜ் செட்டப் இப்போது லேஅவுட் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. வியூவில் இருந்த ஹெடர், ஃபுட்டர் இரண்டும் இன்ஸர்ட்டுக்குப் போயின. டூல்ஸில் இருந்த எழுத்துப்பிழை பார்ப்பது ரெவ்யூவுக்கும், மெயில் மெர்ஜ் மெயிலிங்ஸுக்கும் குடியேறின. அட்டவணைக்கான கட்டளைகள் இருக்கிறதே, அதுதான் பெரிய கண்ணாமூச்சி. கர்சர் அட்டவணைக்குள் இருந்தால்தான் அந்தத் தலைப்புகள் தோன்றும், வெளியே வந்தால் மறைந்துவிடும். 2007-இல் ஃபைல் என்ற சொல்லே காணாமல் போய் மூலையில் ஒரு வட்டப் பொத்தான் வந்தது. பிரிண்ட் எடுக்க வழி தெரியாமல் பலர் தவித்த பிறகு 2010-இல் ஃபைல் திரும்பி வந்தது.

"அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இனி புதிதாக எதுவும் ஏறாது" என்று பிள்ளைகள் முடிவு கட்டுவது நியாயமில்லை. டைப்ரைட்டரிலிருந்து வேர்ட்ஸ்டாருக்கும் அதிலிருந்து வேர்டுக்கும் தாவியவர் அவர். இந்த மாற்றம் அவற்றைவிடப் பெரிதல்ல. அன்று ஆபீஸ் பயிற்சிக்கு அனுப்பியது. பக்கத்து மேஜையில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு சிநேகிதர் இருந்தார். இன்று வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "நகருங்க அப்பா, நான் பண்ணித் தரேன்" என்று மௌஸைப் பிடுங்கி அரை நிமிஷத்தில் செய்துவிட்டுப் பேரன் போய்விடுகிறான். வேலை முடிந்துவிடும், பெரியவர் ஒன்றும் கற்றிருக்க மாட்டார். சொல்லித்தருபவர் தம் கையை மடியில் வைத்துக்கொள்வது முதல் பாடம். மௌஸ் பெரியவர் கையிலேயே இருக்கட்டும்.

தொடங்க வேண்டிய இடம் விசைப்பலகை. ரிப்பனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன், கன்ட்ரோல்-எஸ் சேமிக்கும், கன்ட்ரோல்-பி அச்சடிக்கும், கன்ட்ரோல்-இஸட் செய்ததைத் திரும்பப் பெறும், இவற்றில் எதுவும் மாறவில்லை என்று காட்டிவிடுங்கள். வேர்ட்ஸ்டார் காலத்து ஆசாமிகள் எல்லாவற்றையும் விசையிலேயே செய்தவர்கள். அவர்களுக்கு இது ஒன்றே பாதி தெம்பைத் தரும். பழைய மெனுவின் ஆல்ட் சேர்க்கைகளிலும் பல இன்றுவரை வேலை செய்கின்றன. ஆல்ட், ஓ, பி என்று வரிசையாக அழுத்தினால் மெனுவே இல்லாத இடத்திலும் பழைய பாராகிராஃப் பெட்டி வந்து நிற்கும்.

அடுத்து, அவர் உண்மையில் எந்தெந்த வேலைகளைச் செய்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு கட்டளைகளுக்கு மேல் இராது. ரிப்பனில் அந்தப் பொத்தான்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் மௌஸின் வலப்பக்கத்தை அழுத்தி, 'ஆட் டு குயிக் ஆக்ஸஸ் டூல்பார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவை சிறிய தனி வரிசையாகச் சேர்ந்துகொள்ளும். சமீபத்திய பதிப்புகளில் அந்த வரிசை மறைந்திருந்தால், ரிப்பனில் வலப்பக்கத்தை அழுத்தி அதைக் காட்டச் சொல்லலாம், ரிப்பனுக்குக் கீழே இறக்கியும் வைக்கலாம். பழைய டூல்பார் வந்தது போலவே இருக்கும். மற்றவற்றை அவர் தொடவேண்டிய அவசியமே இல்லை.

எது எங்கே போயிற்று என்ற குறிப்பைப் பெரியவரே தம் கையால் எழுதிக்கொள்ளட்டும். இடப்பக்கம் பழைய இடம், வலப்பக்கம் புது இடம். பிட்மன் சுருக்கெழுத்தில் எழுதினாலும் சரி, படிக்கப்போவது அவர்தானே!

இனி, "எல்லாம் போய்விட்டது" என்று பதறும் சந்தர்ப்பங்கள் சில. கை நடுக்கம் உள்ளவர்கள் ஒருமுறை தட்ட வேண்டிய இடத்தில் இருமுறை தட்டிவிடுவார்கள். ரிப்பனின் தலைப்பை இருமுறை தட்டினால் பட்டை முழுவதும் சுருண்டுகொள்ளும். கன்ட்ரோல்-எஃப் 1 அழுத்தினால் மீண்டும் வரும். பழைய ஃபைலைத் திறந்தால் மேலே 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்று எழுதியிருக்கும். அது எச்சரிக்கை அல்ல, பழைய முறையில் சேமித்த ஃபைல் என்ற அறிவிப்புதான். திரையில் எழுத்து சிறிதாகத் தெரிகிறதென்று சிலர் எழுத்தின் அளவையே 18 ஆக்கிவிடுகிறார்கள். பிறகு மனு நான்கு பக்கத்துக்கு அச்சாகிறது. கீழே வலது ஓரத்தில் இருக்கும் ஜூம் கோலை நகர்த்தினால் திரையில் மட்டும் பெரிதாகும்.

2007-க்குப் பிறகு பாராக்களுக்கு நடுவே தானாகவே இடைவெளி விழுகிறது. டைம்ஸ் நியூ ரோமனுக்குப் பதிலாக முதலில் காலிப்ரி வந்தது, அண்மைக் காலத்தில் ஆப்டோஸ் வந்திருக்கிறது. கடிதத்தின் முகவரியை வரி வரியாக அடித்துப் பழகியவருக்கு இந்த இடைவெளி பெரிய உபத்திரவம். ஹோம் பகுதியில் 'நோ ஸ்பேஸிங்' என்பதைத் தேர்ந்தால் இடைவெளி நீங்கும். கன்ட்ரோல்-டி அழுத்தி, எழுத்தைத் தேர்ந்து, 'செட் ஆஸ் டிஃபால்ட்' கொடுத்து, எல்லா ஆவணங்களுக்கும் என்று சொல்லிவிட்டால் ஒரே தடவையில் வேலை தீர்ந்தது.

சேமிப்பதுதான் அதிகக் குழப்பம். ஒன்டிரைவ் என்ற இணையக் கிடங்கு முன்னால் வந்து நிற்கிறது. பெரியவர் எங்கே வைத்தோமென்று தேடுகிறார். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய், 'சேவ் டு கம்ப்யூட்டர் பை டிஃபால்ட்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுக் கொடுங்கள். எஃப் 12 விசை பழைய 'சேவ் ஆஸ்' பெட்டியையே நேராகக் கொண்டுவரும்.

இத்தனையும் வேண்டாம், கடிதம் எழுதினால் போதும் என்பவருக்கு லிப்ரே ஆபீஸ் போட்டுத் தரலாம். காசில்லை, திறந்தவுடன் பழைய மெனு வரிசையே இருக்கும். பலருடன் ஃபைல் பரிமாறும் சொசைட்டி செயலருக்கு மட்டும் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். சிக்கலான அட்டவணைகள் அங்கும் இங்கும் போய்வரும்போது சில சமயம் கலைந்துவிடுகின்றன.

பிள்ளைகள் வேறு ஊரில் இருந்தால் போனிலேயே சொல்லித்தர வேண்டியிருக்கும். இருவர் திரையிலும் ஒரே பதிப்பு இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் "அந்த நீலப் பொத்தான்" என்று நீங்கள் சொல்வது அங்கே இருக்கவே இருக்காது. தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளை வீட்டார் கேட்டால் மட்டும் அனுமதிக்க வேண்டும், கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்று யார் கூப்பிட்டாலும் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லிவையுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் உயிருடன் இருந்தால் உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். யூனிகோடு பரவலாவதற்கு முன் தமிழில் அடித்த சங்கத்து மலர், அப்பா எழுதிவைத்த குடும்ப விவரம் எல்லாம் பாமினி போன்ற தனித்தனி எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டதென்று அழித்துவிடுகிறவர்களும் உண்டு. பழைய கம்ப்யூட்டரின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்திலிருந்து அந்தத் தமிழ் எழுத்துருக்களைப் பென் டிரைவில் எடுத்து, புதியதில் ஒவ்வொன்றின் மீதும் வலப்பக்கத்தை அழுத்தி 'இன்ஸ்டால்' கொடுத்தால், எழுதியது எழுதியபடியே தமிழில் தெரியும்.