எந்த வாயு என்று அறியும் உரிமை

வாயு கசியும் இடத்தில் எந்தப் பக்கம் ஓடுவது என்பது, கசிந்தது எந்த வாயு என்பதைப் பொறுத்தது. சமையல் எரிவாயுவும் குளோரினும் காற்றைவிடக் கனமானவை. தரையோடு படர்ந்து பள்ளங்களிலும் சாக்கடைகளிலும் தேங்கும். அம்மோனியா காற்றைவிட லேசானதுதான். ஆனால் திரவமாக அடைத்து வைத்தது பீறிட்டு வெளிவரும்போது, குளிர்ந்த வெண்புகையாக முதலில் தரையை ஒட்டியே பரவும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல் நாறும். செறிவு கூடியதும் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குவது உயிருக்கே ஆபத்து.

நச்சு வாயு பரவினால், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கமாக மேட்டுக்குச் செல்ல வேண்டும். காற்றோடு ஓடினால் புகையும் கூடவே வரும். போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியபோது மக்கள் திசை தெரியாமல் ஓடினார்கள். முகத்தை ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள் என்ற எளிய செய்திகூட அதற்கு முன் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வந்து குவிந்தவர்களுக்கு எதற்காகச் சிகிச்சை தருகிறோம் என்பது மருத்துவர்களுக்கே தெரியவில்லை. 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தபோது ஆலையின் அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. இவ்விரண்டிலும் வாயுவோடு சேர்ந்து உயிரைக் குடித்தது அறியாமை. அந்த அறியாமைக்குப் பொறுப்பு ஆலைகளுடையது, மக்களுடையதல்ல.

விலகிச் செல்ல வழியோ நேரமோ இல்லாவிட்டால் வீட்டுக்குள் இருந்து கதவு, ஜன்னல்களை மூடி, இடுக்குகளை ஈரத்துணியால் அடைக்க வேண்டும். வீட்டுச் சிலிண்டரே கசிந்தால் செய்ய வேண்டியது நேர்மாறானது: ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியேற வேண்டும். 1906 என்ற எரிவாயு அவசர எண்ணை வெளியே போன பிறகே அழைக்க வேண்டும்.

டேங்கர் லாரிகளின் பின்புறமும் பக்கங்களிலும் உள்ள பலகையில் நான்கு இலக்க எண் இருக்கும். 1075 என்றால் சமையல் எரிவாயு, 1005 அம்மோனியா, 1017 குளோரின். தள்ளி நின்றே அதைப் படித்து 112 என்ற அவசர எண்ணுக்குச் சொன்னால், தீயணைப்புப் படை தயாராக வந்து சேரும். 2012 ஆகஸ்டில் கண்ணூர் அருகே சாலாவில் கவிழ்ந்த எரிவாயு டேங்கர் வெடித்து 20 பேர் இறந்தனர். 2025 ஜனவரி 3 அன்று கோவை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயுவுடன் கவிழ்ந்த டேங்கரும் கசிந்தது. அங்கே போக்குவரத்தை நிறுத்தி, அக்கம்பக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே கிரேன்களால் வண்டியைத் தூக்கினார்கள். ஓர் உயிரும் போகவில்லை.

அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, விபத்தில் பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார மக்களுக்கு அபாயத்தின் தன்மையையும் தற்காப்பு முறைகளையும் ஆலை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆலைக்கு வெளியே செயல்படுத்தும் அவசரகாலத் திட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். ஒத்திகையே நடக்காத ஊரில், கடைசியாக எப்போது நடந்தது என்று மாவட்ட ஆட்சியரிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

1985-இல் டெல்லியில் நடந்த ஓலியம் வாயுக் கசிவையொட்டிய வழக்கில் உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழில் நடத்துபவர் எந்தச் சாக்கும் சொல்லாமல் முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்று வகுத்தது. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991-இன் கீழ், யார் தவறு என்று நிரூபிக்காமலேயே ஆட்சியரிடம் நிவாரணம் கோரலாம்; விபத்து நடந்த நாளிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கவும் அதே ஐந்தாண்டுதான். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

வீட்டுச் சிலிண்டர் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீடு உண்டு. வாடிக்கையாளர் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டியதில்லை. விபத்து நடந்ததும் ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எந்த வகை இழப்பீட்டுக்கும் முதல் நாள் மருத்துவமனைச் சீட்டு முக்கியம். லேசான இருமல், கண் எரிச்சல்தானே என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டி, வாயுவை முகர்ந்ததையும் அந்தச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும்.