தானியப் பயிர்களில் களைக்கொல்லி: "அவசர அனுமதி" என்றால் என்ன?

பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி வட்டாரங்களில் கோழித் தீவனத்திற்கென மக்காச்சோளமும், தானியத்திற்கும் மாட்டுத் தட்டுக்கும் எனச் சோளமும் பரவலாகப் பயிரிடப்படுகின்றன. இவ்விரு பயிர்களுக்கும் விதைத்த முதல் 30 முதல் 45 நாட்களே களையிலிருந்து காக்க வேண்டிய முக்கியமான காலம். அந்நாட்களில் மழை விடாமல் பெய்து, களைவெட்டுக்கு ஆளும் கிடைக்காமற் போனால், சாரணையும் தொய்யக்கீரையும் பயிரை மூடிவிடும். அவ்வேளையில், "இது புது மருந்து, சோளத்துக்கும் அடிக்கலாம்" என்று யாராவது ஒரு புட்டியைக் காட்டுவதுண்டு. அம்மருந்து உங்கள் பயிருக்குப் பதிவு பெற்றதுதானா? பதிவு பெறவில்லையெனில் அவசரத்திற்கு அடிக்கலாமா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தெரிந்திருந்தால் ஒரு போக வெள்ளாமையைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

பதிவு எதற்காக?

1958ஆம் ஆண்டு கேரளத்தில், பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துயரத்தின் பின் நடந்த விசாரணையை அடுத்தே 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டு, 1971இல் நடைமுறைக்கு வந்தது. பெயர் பூச்சிக்கொல்லிச் சட்டம் என்றாலும் களைக்கொல்லிகளும் இதற்குள் அடங்கும். பரீதாபாத்தில் உள்ள மத்தியப் பதிவுக் குழு, ஒரு மருந்து களையைக் கொல்கிறதா, மனிதருக்கும் கால்நடைக்கும் எவ்வளவு நஞ்சு, தானியத்திலும் தட்டிலும் எவ்வளவு எச்சம் தங்கும் என்ற விவரங்களைப் பார்த்த பின்னரே பதிவு வழங்குகிறது.

இங்கே ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். பதிவு என்பது மருந்துக்கு மட்டும் தரப்படுவதன்று. எந்தப் பயிருக்கு, எந்தக் களைக்கு, எவ்வளவு அளவில் என்பதும் சேர்ந்ததே பதிவு. ஒரு பயிருக்குப் பதிவான மருந்து அடுத்த பயிருக்குப் பதிவானதாகாது.

அவசர அனுமதியை யார் தரலாம்?

புதிய களையோ பூச்சியோ திடீரெனப் பரவி, பதிவான மருந்துகள் போதாமற் போகும் நிலை எந்நாட்டிலும் வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய நேரத்தில் ஓர் உறுப்பு நாடு 120 நாட்களுக்கு மிகாமல் தனி அனுமதி தரலாம். அமெரிக்காவிலும் மாநில அரசு விண்ணப்பித்து, குறிப்பிட்ட காலத்திற்கு விலக்குப் பெற முடியும்.

நம் நாட்டுச் சட்டத்தில், முதன்முதலாக அறிமுகமாகும் மருந்துக்கு நிபந்தனைகளுடன் 2 ஆண்டுகளுக்குத் தற்காலிகப் பதிவு தர இடமுண்டு. மக்காச்சோள உழவர்கள் நேரில் கண்ட எடுத்துக்காட்டு ஒன்றும் உள்ளது. 2018ஆம் ஆண்டு கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட படைப்புழு, விரைவில் தமிழகத்திலும் பரவியது. அப்போது வேறு பயிர்களில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த எமாமெக்டின் பென்சோயேட், ஸ்பைனிடோரம் போன்ற மருந்துகளை மக்காச்சோளத்தில் அடிக்கத் தற்காலிக அனுமதி கிடைத்தது. அவற்றின் நச்சுத்தன்மை பற்றிய விவரங்கள் முன்பே பதிவுக் குழுவிடம் இருந்ததால், பயிரை மட்டும் சேர்ப்பது எளிதாயிற்று.

ஆகவே, அவசர அனுமதி என்பது பதிவுக் குழு எழுத்து மூலம், பயிரும் அளவும் குறித்துத் தருவது. அதைக் கடையிலோ களத்திலோ யாரும் தந்துவிட முடியாது. பதிவு பெறாத மருந்தை விற்பதும் இருப்பில் வைப்பதும் சட்டப்படி குற்றமாகும்.

வடநாட்டுக் கோதுமை தரும் பாடம்

பஞ்சாப், அரியானா மாநிலங்களில் கோதுமையைப் போலவே தோற்றமளிக்கும் பலாரிஸ் மைனர் என்னும் புல்லை அழிக்க, ஐசோபுரோட்டூரான் என்ற ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் தெளித்து வந்தனர். 1990களின் தொடக்கத்தில் அப்புல் மருந்துக்கு அடங்காமற் போயிற்று. கடுமையாகப் பாதித்த வயல்களில் கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுத் தீவனமாக்கும் நிலையும் ஏற்பட்டது. 1997-98 வாக்கில்தான் குளோடினோபாப், பெனாக்சாப்ராப், சல்போசல்பியூரான் போன்ற மாற்று மருந்துகள் பரிந்துரைக்கு வந்தன. காலப்போக்கில் அவற்றுள் சிலவற்றிற்கும் அப்புல் எதிர்ப்புப் பெற்றுவிட்டது. புது மருந்து வந்தும் தொல்லை தீர்ந்தபாடில்லை. உழவின்றி விதைத்தல், பயிர் சுழற்சி ஆகிய முறைகளையும் சேர்த்துக் கையாண்ட பின்னரே ஓரளவு கட்டுக்குள் வந்தது.

பெயர் ஒன்று, பயிர் வேறு

பதிவில்லாத பயிரில் தெளிப்பதால் வரும் கேடுகளைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

டெம்போட்ரையோன், டோப்ரமெசோன் ஆகியவை மக்காச்சோளத்திற்குப் பதிவானவை. களை முளைத்த பின் தெளிக்கப்படுபவை. மக்காச்சோளம் இம்மருந்துகளைத் தன் உடலிலேயே சிதைத்துவிடும் தன்மையுடையது. சோளம் அவ்வாறன்று. பெயரில் "சோளம்" இருக்கிறது என்று எண்ணிச் சோளத்தில் தெளித்தால் இலைகள் வெளுத்துப் பயிர் வாடும்.

அட்ரசின் மக்காச்சோளத்திற்கு நல்ல மருந்து. ஆனால் ஊடுபயிராகத் தட்டையோ உளுந்தோ அவரையோ விதைத்திருந்தால், களையோடு பயறும் போய்விடும்.

2,4-டி மருந்து காற்றில் சிறிது பறந்தாலே போதும், பக்கத்துத் தோட்டத்துப் பருத்தி, தக்காளி, திராட்சை ஆகியவற்றின் இலைகள் சுருண்டுவிடும். அதனால் வரும் மனத்தாங்கல் பயிர்ச் சேதத்தைவிட நீண்ட நாள் நிற்கும்.

மேலும், எச்சம் பற்றி ஆராயப்படாத மருந்தை அடித்த தட்டைக் கறவை மாட்டுக்குப் போடுவது நம் வீட்டுப் பாலையே சந்தேகத்திற்கு உள்ளாக்குவதாகும். லேபிளில் இல்லாத பயிருக்கு அடித்துச் சேதமானால், இழப்பீடு கேட்கவும் வழியிருக்காது.

களை மிஞ்சும் முன் செய்ய வேண்டியவை

1. மக்காச்சோளத்தைத் தனிப்பயிராக விதைத்திருந்தால், விதைத்த 3 முதல் 5 நாட்களுக்குள், நிலத்தில் ஈரமிருக்கும்போது, ஏக்கருக்கு அட்ரசின் 50 சத நனையும் தூள் 200 கிராமை 200 லிட்டர் நீரில் கலந்து, விசிறி வடிவ நாசில் பொருத்திய கைத்தெளிப்பானால் சீராகத் தெளிக்க வேண்டும். தெளித்த இடத்தை உடனே மிதித்துக் கலைக்கக் கூடாது.

2. அந்த நாட்கள் தவறிவிட்டால், களைகள் 2 முதல் 4 இலைகள் விட்ட பருவத்தில், மக்காச்சோளத்திற்கென்றே பதிவான மருந்தை லேபிளில் கண்ட அளவில் மட்டும் தெளிக்கலாம். களை முற்றிய பின் அளவைக் கூட்டி அடிப்பதால் பயனில்லை.

3. ஊடுபயிர் உள்ள நிலங்களிலும், பதிவான களைக்கொல்லிகள் மிகக் குறைவாக உள்ள ராகி, சாமை, தினை ஆகியவற்றிலும் வரிசை விதைப்பும் களைவெட்டுமே நம்பகமான வழி. வரிசைக்கு இடையே சக்கரக் களைக்கருவியை ஓட்டி, பயிரடியில் மட்டும் கையால் களைந்தால் ஆட்செலவு குறையும்.

4. மருந்து வாங்கும்போது பதிவு எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள், நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முக்கோணம் ஆகியவற்றைப் பாருங்கள். உள்ளிருக்கும் துண்டுத்தாளில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். ரசீதைத் தவறாமல் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

5. ஆண்டுதோறும் ஒரே மருந்தை அடிக்காமல் பயிரையும் முறையையும் மாற்றி வாருங்கள்.

உழவர்கள் கவனத்திற்கு

பதிவான மருந்தைச் சரியான அளவில் அடித்தும் ஒரு களை சாகவில்லையெனில், அல்லது இதுவரை காணாத களை தோன்றினால், அச்செடியை வேரோடு பிடுங்கிக் காகிதத்தில் சுற்றி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திற்கோ வேளாண்மை அறிவியல் நிலையத்திற்கோ கொண்டு செல்லுங்கள். தெளித்த மருந்து, அளவு, நாள், களை பரவியுள்ள பரப்பு ஆகியவற்றையும் குறித்துக் கொடுங்கள். உண்மையான அவசரம் ஒன்று வந்தால், அதை மேலிடத்திற்கு எடுத்துச் சொல்லி முறையான அனுமதி பெற இத்தகைய குறிப்புகளே ஆதாரமாகும்.